எழுதாத குழிகள்

பிப்ரவரி 12, திங்கள்

ஆபீசுக்கு வந்து இன்றோடு பதினெட்டு நாள். இதுவரை போன் நூற்றுப் பன்னிரண்டு முறை அடித்திருக்கிறது. நான் ஒன்பது முறை எடுத்தேன். இதை நான் எண்ணவில்லை. அர்த்தநாரி அண்ணன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சொன்னார்.

அவர்தான் முதலாளி. போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று மத்தியப் பிரதேசத்தில் ஓடுகிறது. இரண்டாம் வண்டி இங்கே திருச்செங்கோட்டைச் சுற்றி ஓடுகிறது.

"போன் எடுக்கறதுக்குத்தான் உன்னைய உக்கார வெச்சிருக்கறேன். ஏன் எடுக்க மாட்டீங்கற?"

"சளி" என்றேன்.

"பதினெட்டு நாளாவா?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"கேட்டுக்க பவதாரணி. போன மாசம் பதினாலு வேலைதான் வந்துச்சு. பெரிய கம்பெனிக்காரன் பத்து வண்டி வெச்சுக்கிட்டு நெட்டுல விளம்பரம் போடறான். ஏப்ரலுக்குள்ள மாசம் இருபது வேலைன்னு வரோணும். வரலீன்னா ரெண்டாம் வண்டிய வித்துப்போட்டு இந்த ஆபீசப் பூட்டிருவேன்."

நோட்டைப் பார்த்தேன். ஜனவரியில் பதினொரு குழிதான் எழுதியிருக்கிறது. அண்ணன் தவறிச் சொல்லியிருப்பார்.

ஆபீசைப் பூட்டினால் அம்மா என்னை நூல் மில் ஹாஸ்டலில் சேர்த்துவிடுவாள். விண்ணப்பத் தாளை வாங்கி அரிசி டப்பாவின் மேல் வைத்திருக்கிறாள். அங்கே தினமும் காலையில் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவரும் பேரும் நம்பரும் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம்.

நான் அங்கே போகப் போவதில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

மூன்று போன் எடுத்தேன். இரண்டு பேர் நான் பேச ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 16, வெள்ளி

காலையில் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். சாமி படத்துக்குப் பூ வைத்தேன். அண்ணனின் மச்சான் விட்டுப்போன கம்ப்யூட்டரில் தூசி தட்டினேன். பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை லேபில் தொட்டிருக்கிறேன். மீதியை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். வீடியோ கேள்வி கேட்பதில்லை.

ஆபீஸ் போனில் வாட்ஸாப்பில் ஒரு வேலை செய்தேன். யார் கூப்பிட்டு நான் எடுக்காவிட்டாலும் உடனே அவர்களுக்கு ஒரு செய்தி போகும். "வணக்கம். உங்கள் ஊர், எந்தத் தேதியில் வண்டி வேண்டும், குழி போடும் காட்டில் நின்று லொக்கேஷன், இந்த மூன்றும் அனுப்புங்கள். பத்து நிமிடத்தில் பதில் வரும்." முக்கால்வாசிப் பேர் குரல் பதிவாக அனுப்புகிறார்கள். நான் கேட்டுவிட்டு எழுத்தில் பதில் போடுகிறேன். எழுத்து எனக்கு எங்கேயும் நிற்காது.

இன்று மட்டும் இரண்டு வேலை வந்தது. அண்ணன், "சளி போயிருச்சா?" என்றார்.

பிப்ரவரி 21, புதன்

வண்டி வீணாக ஒரு நாள் நின்றது. மல்லசமுத்திரம் பக்கம் ஒரு குழி. மேல்மண் சரியாமல் இருக்கப் பாறை தட்டும்வரை பிளாஸ்டிக் குழாய் இறக்குவார்கள். அதைக் கேசிங் என்பார்கள். இருபதடிக் குழாய் நாலு ஏற்றிப் போனார்கள். நூற்றுப் பத்து அடி வரை மண் இளகிக்கிடந்தது. மேற்கொண்டு குழாய்க்காகத் திரும்பி வந்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குச் சொல்லிவிட்டார்.

பீரோவில் 2003 முதல் பதினான்கு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் ஊர், ஆள் பெயர், எத்தனை அடி, எத்தனை அடி கேசிங், எத்தனை இஞ்சு தண்ணீர் என்று எழுதியிருக்கிறார்கள். 2011ஆம் வருஷ நோட்டைப் பிரித்தேன். மல்லசமுத்திரம் பக்கம் மூன்று குழிக்கும் கேசிங் நூறு அடிக்கு மேல். எல்லாமே எழுதித்தான் இருக்கிறது. யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

எல்லா நோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்வதைவிட ஏற்றுவது சுலபம்.

மார்ச் 1, வெள்ளி

ஒன்பது நோட்டு முடிந்தது. விரல் வலிக்கிறது. ஊர் பெயரைப் போட்டால் அந்தப் பக்கத்துக் குழிகள் எல்லாம் வரிசையாக வரும். லொக்கேஷன் தெரிந்தவற்றை மேப்பிலும் வைத்தேன். தண்ணீர் வந்த குழிக்குப் பச்சைப் புள்ளி.

இன்று வண்டி எலச்சிபாளையம் போனது. துண்டுச் சீட்டில் "குழாய் 4" என்று எழுதி நீட்டினேன். வாங்கியவர் மாரப்பண்ணன். அவர்தான் டிரில்லர், வண்டியில் லீவர் பிடிப்பவர். பதினாறு வயதில் வண்டியேறியவர், இப்போது முப்பத்தெட்டு. சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஏனுங் பாப்பா, பொட்டிக்குள்ள இருந்துக்கிட்டு மண்ணு பேசுதாக்கும்?"

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாலு பத்தலீன்னா நீதான் தலையில தூக்கியாரோணும், பாத்துக்க."

எழுபத்தைந்து அடி இறங்கியது. நாலு குழாய். சாயங்காலம் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. "செரியா இருந்துச்சு" என்று மட்டும்.

மார்ச் 5, செவ்வாய்

வேலை கேட்பவர்களுக்கு இப்போது இன்னொன்றும் அனுப்புகிறேன். "உங்கள் காட்டைச் சுற்றி நாங்கள் போட்ட குழிகள் ஆறு. ஆழம் 350 முதல் 500 அடி. கேசிங் 60 அடி வரை ஆகலாம்." அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தேதி கேட்கிறார்கள். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "இத ஏன் ஒருத்தனும் பண்ணல?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

மார்ச் 9, சனி

இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ரிக் வண்டியின் கம்ப்ரசர் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் ஒன்று அதில் உண்டு. ஆயில் மாற்றுவதற்காக மாரப்பண்ணன் தினமும் அதைப் படமெடுத்து அனுப்புவார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். இன்று மீட்டரையும் குழி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் நோட்டில் குழி இல்லை. அந்த இரண்டு நாளுக்கும் வந்த வேலையை நான்தான் புக்கிங் எழுதினேன். நோட்டில் வராததால் ஆள் வேண்டாமென்றுவிட்டார் என்று நினைத்திருந்தேன். ஆனால் மீட்டரில் பதினான்கு மணி நேரம் ஏறியிருக்கிறது.

பிப்ரவரியிலும் இப்படி மூன்று இடம் இருக்கிறது.

முதலாளிக்குத் தெரியாமல் மாரப்பண்ணன் வண்டியை வெளியே ஓட்டுகிறார். வேறு எப்படி ஏறும்.

மார்ச் 11, திங்கள்

அண்ணனிடம் தாளை நீட்டினேன். வாயால் சொல்ல முடியாது என்று எழுதியே வைத்திருந்தேன். "மாரப்பண்ணன் வண்டியை வெளியே ஓட்டுகிறார் என்று நினைக்கிறேன்" என்று கடைசி வரி. அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தார். அவருக்கு எதையும் சத்தமாகத்தான் படிக்க வரும்.

வாசலில் மாரப்பண்ணன் நின்றிருந்தார். டீசல் சீட்டு வாங்க வந்திருக்கிறார்.

"பொட்டி என்னையத் திருடன்னு சொல்லுதாக்கும்?"

அண்ணன், "இருறா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் வெளிய ஓட்டல. அது வராத குழி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"தண்ணி வராத குழிய நோட்டுல எழுதறதில்ல. எங்கய்யா காலத்துலருந்து அப்படித்தான். ராசியான வண்டின்னு ஊருக்குள்ள பேரு இருக்கோணும். நோட்டு ஆயுத பூசைக்குச் சாமி முன்னாடி போவுது. அதுல போயி வரலைன்னு எழுதி வெக்கறதா?"

திரும்பிப் பார்ப்பதற்குள் மாரப்பண்ணன் போய்விட்டார். டீசல் சீட்டு மேசையிலேயே கிடந்தது.

மார்ச் 12, செவ்வாய்

மாரப்பண்ணன் வேலைக்கு வரவில்லை. வண்டி ஷெட்டில் நிற்கிறது.

மார்ச் 13, புதன்

இன்றும் வரவில்லை. அவர் ஆறு நாள் வராவிட்டால் இருபது வேலை எங்கிருந்து வரும். அதைவிட, நான் எழுதியது பொய்.

அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் எழுதி அனுப்பிப் பயன் இல்லை. ஆபீசைச் சாத்திவிட்டுக் குரல் பதிவு போட உட்கார்ந்தேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. அழித்தேன். இரண்டாவது தடவை பெயருக்குப் பிறகு நின்றது. அழித்தேன். பதினேழு தடவை. பதினெட்டாவதும் அப்படித்தான் இருந்தது. அழிக்கவில்லை. அனுப்பிவிட்டேன். அது நாற்பது வினாடி. அதில் பேச்சு பத்து வினாடிதான்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "கேட்டனுங் பாப்பா. முழுசுங் கேட்டேன். நாளைக்கு வர்றேன்."

பதினொன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு வாசிக்கச் சொன்னார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 16, சனி

அண்ணனைக் கூப்பிட்டு மேப்பைக் காட்டினேன். நானூற்று அறுபது பச்சைப் புள்ளி.

"நல்லாத்தான இருக்குது."

"இ... இத நம்பினா, எங்க போட்டாலும் தண்ணி வருமுங்கண்ணா."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். "அப்படி வந்தா நான் ஏன் வண்டிய விக்கறேன்."

"வராததும் இதுல ஏறோணும். அப்பத்தான் இது நெசஞ் சொல்லும்."

இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியது இதுதான் முதல் தடவை. அவரும் அதைக் கவனித்தார் போல. உடனே மறுக்காமல், "எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல. மாரப்பன் மண்டையிலதான் கெடக்கு. அவன் சொன்னா ஏத்திக்க" என்றார்.

மார்ச் 18, திங்கள்

மாரப்பண்ணன் முடியாது என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு முடியாது என்றார்.

மார்ச் 20, புதன்

சம்மதித்துவிட்டார். இப்படி நடந்தது.

"நோட்டுல எழுதுவியா?"

"இல்லீங்ணா. கம்ப்யூட்டர்ல மட்டும்."

"ஆயுத பூசைக்குப் பொட்டியச் சாமி முன்னாடி வெப்பீங்களா?"

"அது எந்திரிக்கவே எந்திரிக்காதுங்ணா. ஒயரு இருக்குது."

"அப்ப தோசமில்ல. ஆனா ஒண்ணு, நீ கேக்கோணும். நானாச் சொல்ல மாட்டேன். நானாச் சொன்னா வண்டி பேர நானே கெடுத்த மாதிரி ஆயிரும்."

அதாவது ஒவ்வொரு குழியையும் நான் வாயால் கேட்க வேண்டும். அவர் வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

மார்ச் 22, வெள்ளி

சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி ஷெட்டுக்கு வந்ததும் தினம் ஒரு பக்கம் கேட்கிறேன். அவர் பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார். எந்தக் காடு, எந்த மரத்துக்கு எத்தனை எட்டு தள்ளி, எத்தனையாவது அடியில் பாறைப் பொடியின் நிறம் மாறியது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் வந்த குழிகளைக் கேட்டால் தலையைச் சொறிகிறார்.

இன்று காளிப்பட்டிப் பக்கம் கேட்டேன்.

"அங்க ரெண்டு வரல. ஒரே காடு. ஒண்ணு தொள்ளாயிரத்தி எம்பது, இன்னொண்ணு ஆயிரத்தி நூறு. அந்தாளு பொடி பறக்கறதப் பாத்துக்கிட்டே நின்னாரு. மூஞ்சியெல்லாம் வெள்ள. இன்னும் நூறு போடுங்க, இன்னும் நூறு போடுங்கன்னு. பேரு என்னமோ..."

"தெ... தெரியுமுங்."

"லொக்கேசன் வேணுமா? நான் வழி சொல்றேன்."

"வேண்டாங்ணா. நானே வெச்சுக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

இரண்டு சிவப்புப் புள்ளி வைத்தேன். வேப்ப மரத்துக்கு வடக்கே ஒன்று, கிணற்று மேட்டில் ஒன்று. வீட்டுக்குப் போனபோது அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தறிப் பஞ்சு காதோரம் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

மார்ச்சில் பதினாறு வேலை.

ஏப்ரல் 8, திங்கள்

சிவப்பு நூற்று எழுபத்தி மூன்று. மேப் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. முன்பு பச்சையாகக் கொட்டிக் கிடந்தது. இப்போது சிவப்பு ஒரு பட்டையாக, பெரிய துண்டை விரித்தது போலக் குறுக்கே ஓடுகிறது. ஓடை போகும் பக்கமெல்லாம் பச்சை. இன்னொன்றும் தெரிகிறது. பல ஊர்களில் ஒரு ஆழத்துக்குக் கீழே போன எந்தக் குழியிலும் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் எல்லாரும் ஆயிரம் அடி வரை போட்டிருக்கிறார்கள்.

மாரப்பண்ணனிடம் காட்டினேன். திரையில் விரலை வைத்து அந்தப் பட்டையோடு இழுத்துக்கொண்டே போனார். "இத்தன நாளா இந்தப் பாறை மேலயேதான் ஏறி எறங்கியிருக்கறன்" என்றார்.

ஏப்ரல் 20, சனி

பதினைந்து வேலை ஆகிவிட்டது. இன்னும் பத்து நாள். அம்மா மில் விண்ணப்பத்தில் என் போட்டோவை ஒட்டிவிட்டாள். கேட்டால், "ஒட்டி வெச்சா என்ன, கடிக்கவா போவுது" என்கிறாள்.

ஏப்ரல் 27, சனி

பத்தொன்பது.

இருபதாவது வேலை ஒட்டங்காடு. பாவாயி என்ற அம்மா. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கணவர் இல்லை, மகன் லாரி ஓட்டுகிறார். நீரோட்டம் பார்ப்பவர் வந்து ஈசானி மூலையில் இடம் குறித்துக் கொடுத்திருக்கிறார். லொக்கேஷன் அனுப்பினார்கள். மேப்பில் வைத்தேன்.

அந்த மூலையைச் சுற்றி மூன்று சிவப்பு. ஒன்று நூறு காலடித் தூரத்தில். மூன்றும் தொள்ளாயிரம் அடிக்கு மேல் போனவை.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கல்யாண வீட்டுக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தார்.

"அவங்க போடோணுங்கறாங்க, நாம போடறோம். தண்ணிக்கு நாம பொறுப்பில்ல. அடிக்குத்தான கூலி."

"வ... வராதுங்கண்ணா."

"வரலீன்னாலும் அது இருபதாவது வேலை. உனக்கு ஆபீசு வேணுமா வேண்டாமா?" சட்டைக் கையை மடித்துக்கொண்டே போய்விட்டார்.

எங்கள் காட்டில் இரண்டாவது குழி போட வண்டி வந்த அன்று, வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை. சொல்லத் தெரிந்தவர்களிடமும் எழுத்தில் ஒன்றும் இல்லை.

பாவாயி அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்க்கவில்லை. இன்னொன்று அனுப்பினேன். பார்க்கவில்லை. அவர்கள் போன் பட்டன் போன். லொக்கேஷன் அனுப்பியது மகன். மகனின் போன் அணைந்திருந்தது. நாளை காலை வண்டி போகிறது.

கூப்பிட்டேன்.

"யாரு?"

ஆரம்பித்தேன். நின்றது. மறுபடி ஆரம்பித்தேன்.

"ஏம் புள்ள, விட்டு விட்டுக் கேக்குது. டவர் இல்லியா?"

"டவர் இருக்குதுங்க. நா... நான்தான் இப்படி."

"செரி, மெதுவாச் சொல்லு. மாடு கறந்தாச்சு, எனக்கொண்ணும் அவசரமில்ல."

சொன்னேன். மூன்று குழிகளையும் யார் காடு, எத்தனை அடி என்று சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அவர்கள் நடுவில் ஒரு வார்த்தை கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஈசானியில போட்டாத்தான் வூட்டுக்கு ஆவும்னு பாத்தவரு சொன்னாரு."

"ஆவலாமுங்க. தண்ணி வராதுங்க."

"பையன்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் மகனிடமிருந்து செய்தி வந்தது. "வண்டி வேண்டாம்."

ஏப்ரல் 28, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கே வந்தார். வாசலிலேயே நின்றார்.

"யாரக் கேட்டு வேண்டாம்னு சொன்ன?"

நான் பேசவில்லை. பேச்சு வராமல் இல்லை. சொல்ல வேண்டியது எல்லாம் மேப்பில் இருந்தது.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். "தப்புப் பண்ணிட்டாளுங்களா?" என்றார்.

அண்ணன் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்போதுதான் காளிப்பட்டிக் காடு யாருடையது என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஒண்ணுமில்லீங்க" என்று போய்விட்டார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பத்தொன்பதோடு மாதம் முடிந்தது.

மே 2, வியாழன்

வண்டி வாங்க ஆள் வந்தார். நாமக்கல்காரர், வெள்ளைச் சட்டை, பன்னிரண்டு வண்டிக்குச் சொந்தக்காரராம். எஞ்சினைப் பார்த்தார், மாஸ்ட் கம்பத்தைத் தட்டினார். எத்தனை மணி ஓடியது என்று கேட்டார். நான் தினசரி மீட்டர் கணக்கை எடுத்துக் காட்டினேன். மூடும்போது மேப் தெரிந்துவிட்டது.

"இது என்ன பாப்பா?"

சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் ஊரைத் தேடிப் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "வண்டியோட இதையும் சேத்துத்தானுங்களே வெல?" என்றார்.

அண்ணன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு அம்மா. கையில் துணிப்பை, கூட மகன்.

"போன்ல விட்டு விட்டுப் பேசுன புள்ள யாரு?"

எழுந்து நின்றேன்.

"நான் பாவாயி. வேற ரெண்டு கம்பெனியில கேட்டேன். நாளைக்கே வண்டி அனுப்பறோங்கறான். என்ன வரும்னு கேட்டா, வரும் வரும்ங்கறான். வராததச் சொன்னது நீ ஒருத்திதான். எங்க, காட்டு அந்தப் பொட்டிய."

காட்டினேன். மூன்று சிவப்பையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். காட்டின் தென்மேற்கில் ஓடைப் பக்கம் எப்படி என்று கேட்டார்கள்.

"அங்க அஞ்சு போட்டுருக்குதுங்க. நாலு வந்துச்சு. ஒண்ணு வ... வரல."

"வரும்னு சொல்றியா?"

"சொல்ல மாட்டேனுங்க."

மகன் சிரித்துவிட்டார். "இவங்களே இப்படிச் சொல்றாங்க, இங்கதான் போடோணும்ங்கற நீயி."

"அதுக்குத்தான்டா" என்றார்கள் பாவாயி அம்மா.

நாமக்கல்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அண்ணன் அவரிடம், "பத்து நாள் பொறுங்க. சொல்றேன்" என்றார்.

மே 6, திங்கள்

ஒட்டங்காடு. அண்ணன் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். குழி போடுவதை இத்தனை பக்கத்தில் நின்று பார்த்து நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் போலவே சத்தம். அன்றைக்குப் போலவே வெள்ளைப் பொடி. சுற்றுக் காட்டுக்காரர்கள் இருபது பேர் வரப்பில் நின்றார்கள்.

முந்நூற்று எண்பதில் ஈரம் இல்லை. நானூற்று இருபதில் இல்லை. நானூற்று எண்பதில் பொடி கறுத்தது. மாரப்பண்ணன் அதைக் கையில் அள்ளி என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். ஓடையைச் சுற்றிப் பெரிய வட்டத்தில் பத்தொன்பது குழி. நானூற்று எண்பதுக்குக் கீழே ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை.

பாவாயி அம்மா என் காதோரம் வந்து, "இன்னும் நூறு போட்டுப் பாக்கலாமா?" என்றார்கள். குரல் வேறு மாதிரி இருந்தது. அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. நான் மாரப்பண்ணனுக்கு நேராகப் போய் நின்றேன். கையைக் குறுக்கே ஆட்டினேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அடிக்குத்தான் கூலி. அண்ணன் என்னைப் பார்த்தார், பாவாயி அம்மாவைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

ஐந்நூற்று இருபதில் மாரப்பண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.

திடீரென்று காடு முழுக்கச் சத்தம் இல்லாமல் போனது. வரப்பில் நின்ற ஒருவர், "என்றா இது, வண்டிக்காரனே நிறுத்தறான்" என்றார். இன்னொருவர், "ரிப்பேரா இருக்கும்" என்றார்.

"ரிப்பேரு இல்லீங்க" என்றேன். "இதுக்குக் கீழ இங்க யாருக்கும் வ... வந்ததில்லீங்க. வீணா எதுக்குங்க."

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். நான் கீழே பார்க்கவில்லை.

பாவாயி அம்மா குழியோரம் உட்கார்ந்திருந்தார்கள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சேலையில் இருந்த பொடியைத் தட்டினார்கள். "இதையும் உன்ற பொட்டியில ஏத்திப்போடு. பக்கத்துக் காட்டுக்காரன் இங்க வந்து போடாம இருப்பான்" என்றார்கள்.

மே 7, செவ்வாய்

அண்ணன் பீரோவிலிருந்து நோட்டை எடுத்தார். என்னிடம் தரவில்லை. அவரே எழுதினார். "ஒட்டங்காடு. பாவாயி. 520 அடி. தண்ணீர் இல்லை." எழுதிவிட்டு அதைச் சத்தமாகப் படித்தார்.

மாரப்பண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆயுத பூசைக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"சாமியும் படிச்சுக்கட்டும்" என்றார் அண்ணன்.

மே 8, புதன்

ஒட்டங்காட்டிலிருந்து நாலு போன். "தானா நிறுத்துன வண்டி உங்குளுதுங்களா?" என்று கேட்கிறார்கள்.

மே 9, வியாழன்

ஏழு. எடுத்தது ஏழு.

மே 10, வெள்ளி

அண்ணன் நாமக்கல்காரருக்குப் போன் போட்டார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே பேசினார். "வண்டி குடுக்கறதுக்கில்லீங்க. இல்லீங்க, வெல பத்தலைன்னு இல்ல. வண்டி உங்ககிட்டயே பன்னெண்டு இருக்குது, என்கிட்ட இருக்கறது வண்டி மட்டுமில்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

வைத்துவிட்டு, "டீ சொல்லு" என்றார். மூன்று டீ சொன்னேன். மாரப்பண்ணனுக்குச் சேர்த்து.

வீட்டுக்குப் போய் மில் விண்ணப்பத்திலிருந்து என் போட்டோவை உரித்தேன். ஒரு ஓரம் கிழிந்துவிட்டது. அம்மா பார்த்தாள், டப்பாவைத் திறந்து அரிசி அளக்கப் போனாள்.

மே 13, திங்கள்

இந்த மாதம் பதினான்கு வேலை ஆகிவிட்டது. மாதம் பாதிகூட ஆகவில்லை. அண்ணன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு ஒருவர் கூப்பிட்டார். அவசரக்காரர். நாளைக்கே வண்டி வேண்டும், ஆயிரம் அடி ஆனாலும் பரவாயில்லை என்றார். லொக்கேஷன் வாங்கிப் பார்த்தேன். சிவப்புப் பட்டையின் நட்ட நடு.

"அங்க வே... வேண்டாங்க" என்றேன்.

"என்னது?"

"அந்த இடத்துல வேண்டாங்க. சுத்தி எட்டுக் குழி வரலீங்க. உங்க காடு கிழக்க எதுவரைக்கும் போவுதுன்னு சொல்லுங்க, பாத்துச் சொல்றேன்."

அவர் கோபமாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆயிரம் அடி வேலை போனது. நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அண்ணன் பேப்பரைத் தாழ்த்தவில்லை. போன் மறுபடி அடித்தது.

"அடுத்தது அடிக்குது பாரு" என்றார். "எடு."